மீன்பிடிக்கக் கயாக்: கையைக் கடிக்காத விலையில் எதை வாங்குவது?

நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் குழுவுக்கு இந்த ஆண்டு வந்த விண்ணப்பங்களில் மூன்று எங்களைத் திகைக்க வைத்தன. தையல் மெஷின், கறவை ஆடு, தள்ளுவண்டி, நண்டு வலை, எஞ்சின் பழுது என்று கேட்டு வருகிறவர்களிடம் என்ன விசாரிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். இந்த மூவரும் கேட்டது கயாக். ஒற்றை ஆள் உட்கார்ந்து, இருமுனைத் துடுப்பால் வலித்துப் போகிற சிறிய ஓடம். டீசல் வேண்டாம், கூட்டாள் வேண்டாம், வள்ளம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு போதும், விடியலில் போய் லுஹருக்குள் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் சொன்ன நியாயம்.

நியாயம் தப்பில்லை. ஆனாலும் எங்களுக்கு உடனே பணம் கொடுக்கத் துணிவு வரவில்லை. மறுத்து அனுப்பவும் மனமில்லை. அதனால் இரண்டு மாதம் இதைப் பற்றி விசாரித்தோம். வள்ளம் கட்டுகிறவர்களிடம் கேட்டோம், கயாக் வைத்திருப்பவர்களிடம் கேட்டோம், ஒன்றை இரவல் வாங்கித் தண்ணீரிலும் இறக்கிப் பார்த்தோம். கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். கடலுக்குப் போகிறவர் மட்டும் படிப்பதற்கல்ல இது. நகையைக் கழற்றிக் கொடுக்கிற மனைவியும், ஜாமீன் கையெழுத்துப் போடுகிற மச்சானும், கரையில் நின்று பார்க்கிற உம்மாவும் படிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியை அவர்கள்தான் கேட்க முடியும்.

மினாரா சின்னதான கதை

எங்களுக்குத் துணிவு வராததற்கு ஒரு காரணம் இருந்தது. நம் மஹல்லா சகோதரர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் காற்றடைக்கும் கயாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும், பைக்கில் வைத்துக் கொண்டுபோகலாம், விலையும் மற்றதைவிடக் குறைவு. ஆனி மாதம். கச்சான் காற்றுக் காலம். கடல் குளம் மாதிரி கிடந்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தூண்டில் போட்டிருக்கிறார். வெயில் ஏற ஏறக் காற்று வலுத்தது. திரும்பி வலித்தார். வலித்துக்கொண்டே இருந்தார்.

“காக்கா, நான் கரையப் பாத்து வந்துக்கிட்டு இருக்கேன்னுதான் நெனச்சேன். பள்ளி மினாரா வரவரச் சின்னதாத் தெரிஞ்சப்பதான் விளங்குச்சு” என்று பிறகு எங்களிடம் சொன்னார். நண்டு வலை எடுத்துத் திரும்பிய வள்ளம் ஒன்று அவரைப் பார்த்தது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆள் பிழைத்தார். அந்தக் கயாக் அதன் பிறகு நான்கு தடவை கடலுக்குப் போனது. ஐந்தாம் தடவை ஒரு கெளுத்தியின் முள் குத்தி, தையல் ஓரமாகக் காற்றுப் போயிற்று. இப்போது பரணில் மடித்துக் கிடக்கிறது. சங்கிலியை மீட்க மேலும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. வட்டியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ‘விலை குறைவு’ என்று வாங்கியதுதான் அந்த வீட்டில் அந்த ஆண்டு மிக அதிக விலைக்கு வாங்கிய பொருள்.

கயாக் எங்கிருந்து வந்தது

கயாக் விளையாட்டுப் பொருளாகப் பிறந்ததல்ல. கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா ஆகிய பனிக்கடல் கரைகளில் வாழ்கிற இனூயிட் முதலிய பழங்குடி மக்கள் சீல் எனும் கடல்நாய் வேட்டைக்கும் மீனுக்கும் செய்த கலம் அது. மரம் முளைக்காத கரை என்பதால், அலையில் ஒதுங்கிய கட்டைகளையும் எலும்பையும் கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் விலங்குத் தோலை இழுத்துத் தைப்பார்கள். ஓட்டுகிறவரின் கை அளவு, இடுப்பு அளவு பார்த்தே நீளமும் அகலமும் வைப்பார்கள். ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது. சட்டை தைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீரில் விழுந்தால் குளிரே கொன்றுவிடும். அதனால் இடுப்புவரை உள்ளே புகுந்து, தண்ணீர் புகாமல் தோலால் மூடிக்கொள்வார்கள். இன்று கடையில் ‘உள்ளே உட்காரும்’ வகை என்று விற்பது அந்தப் பழைய வடிவத்தின் பிள்ளை. இன்னொன்று ‘மேலே உட்காரும்’ வகை. மூடிய மிதவை ஒன்றின் மேல் இருக்கை இருக்கும். மேலே விழுகிற தண்ணீர், அடிவரை செல்லும் வடிதுளைகள் வழியாகத் தானாகவே இறங்கிவிடும்.

நமக்குப் புரிகிற மொழியில் சொன்னால், முதல் வகை வள்ளம், இரண்டாம் வகை கட்டுமரம். வள்ளம் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறையும், இறைத்தால்தான் ஆகும். கட்டுமரம் கவிழ்ந்தாலும் கட்டுமரமாகவே மிதக்கும், திருப்பி ஏறிக்கொள்ளலாம். நம் முன்னோர் இந்த வெதுவெதுப்பான கடலுக்குக் கட்டுமரத்தைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. காட்டமரான் என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே இங்கிருந்து போனதுதான். ஆகவே முதல் முடிவு எளிது: நம் கடலில் மீன்பிடிக்க மேலே உட்காரும் வகையைத்தான் வாங்க வேண்டும். உள்ளே உட்காரும் வகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் தூண்டில் போட்டுப் பெரிய மீனை இழுக்கும்போது கவிழ்ந்தால், ஆழத்தில் தனியாக இருப்பவர் தண்ணீரை இறைத்து மறுபடி ஏறுவது பழகியவருக்கே கடினம்.

கண்மாயில் பார்த்த பரீட்சை

இரவல் கயாக்கை ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கண்மாய்க்குக் கொண்டுபோனோம். விண்ணப்பித்த மூவரும் வந்தார்கள். கூட இரண்டு பேர் ஆசைக்கு வந்தார்கள். ஐந்து பேருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்புக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் ஒவ்வொருவராக ஏற்றி, நாங்களே கவிழ்த்தோம். ஏறிக் காட்டுங்கள் என்றோம்.

ஐந்தில் இரண்டு பேரால் முடியவில்லை. இருவரும் கடலிலேயே வளர்ந்தவர்கள். ஒருவர் வள்ளத்தில் ஏறுகிற பழக்கத்தில் விளிம்பைப் பிடித்து உடம்பைத் தூக்கினார். கயாக் அவர் மேலேயே புரண்டது. மூன்றாம் முறையில் மூச்சு வாங்கிவிட்டது. இன்னொருவர் நல்ல உடல்வாகு உள்ளவர். கயாக் அவருக்குக் குறுகலாக இருந்தது.

ஏறும் முறை வேறு. கவிழ்ந்து கிடப்பதை முதலில் எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். பிறகு இருக்கைக்கு நேராக நின்று, கால்களைத் தண்ணீரில் பின்னால் நீட்டி உதைத்து, மீன் மாதிரி வயிற்றின் மேல் குறுக்கே வழுக்கி ஏற வேண்டும். தொப்புள் நடுவில் வந்ததும் புரண்டு மல்லாந்து உட்கார வேண்டும். கால்களைக் கடைசியில்தான் உள்ளே எடுக்க வேண்டும். வயிறு, புட்டம், கால் என்ற வரிசை. கையால் தூக்கி ஏற முயன்றால் புரளும். இதைச் சொல்லிக்கொடுத்ததும் முதலாமவர் இரண்டாம் தடவையிலேயே ஏறிவிட்டார்.

அன்றே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தக் கயாக்கை வாங்குவதாக இருந்தாலும், வாங்கப்போகிறவர் அதை, அல்லது அதே மாதிரியை, தண்ணீரில் கவிழ்த்து ஏறிக் காட்ட வேண்டும். கடைக்காரர் தண்ணீரில் இறக்கிப் பார்க்க விடமாட்டார் என்றால், அதே மாதிரி வைத்திருப்பவரைத் தேடிப் போங்கள். புகைப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம்.

நீளம், அகலம், சுமை

பத்து அடிக்குக் குறைந்த கயாக் கண்மாய்க்கும் கழிமுகத்துக்கும் போதும். கடலுக்கு 11 முதல் 13 அடி வரை பாருங்கள். நீளம் கூடினால் நேராக ஓடும், ஒரு வலிப்புக்கு அதிகத் தூரம் போகும். அகலம் கூடினால் ஆடாது, ஆனால் வலிக்கக் கனக்கும். மீன்பிடிக்க 80 முதல் 88 சென்டிமீட்டர் அகலம் நடுவாந்தரம். நின்றுகொண்டு தூண்டில் வீசலாம் என்று விளம்பரத்தில் காட்டுவதற்காக மிக அகலமாகச் செய்ததும் உண்டு. எதிர்காற்றில் அதை வலித்துக் கரை சேர்வது தோள்பட்டைக்குத்தான் தெரியும். நின்று வீச ஆசைப்படுகிறவர் கரையிலேயே நின்று வீசலாம்.

சுமைக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கயாக்கில் ‘150 கிலோ தாங்கும்’ என்று எழுதியிருக்கும். அது மூழ்காமல் மிதக்கும் அளவுக்கான எண். வசதியாக ஓட அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பழகியவர்களின் கணக்கு. எங்கள் விண்ணப்பதாரர் ஒருவருடன் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். ஆள் 78 கிலோ. லைஃப் ஜாக்கெட்டும் நனைந்த துணியும் 2. குடிதண்ணீர் 5. ஐஸ் பெட்டி 10. வலையும் தூண்டிலும் 8. நங்கூரமும் கயிறும் 4. மீன் கிடைத்தால் 15. மொத்தம் 122 கிலோ. 150 கிலோ கயாக்கில் 70 விழுக்காடு 105தான். அவருக்கு வேண்டியது 175 கிலோ என்று எழுதியுள்ள கயாக். அவர் பார்த்து வைத்திருந்ததோ 140. மீன் ஏறாத நாளில் சரியாக ஓடி, நல்ல மீன் கிடைத்த நாளில் வடிதுளை வழியாக இருக்கைக்குத் தண்ணீர் ஏறுகிற கயாக் அது.

இரண்டு பேர் கயாக் வாங்கினால் மகனையும் கூட்டிப்போகலாமே என்று ஒரு வாப்பா கேட்டார். இரண்டு பேர் கயாக்கின் எடையே 30 கிலோவைத் தாண்டும். மகன் பள்ளிக்கூடம் போகிற நாளில் அதைத் தனியாக யார் தூக்குவது?

என்ன பொருளில் செய்தது

கடையில் அதிகம் கிடைப்பது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். நம் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைச் செய்கிற அதே முறைதான். பிளாஸ்டிக் தூளை அச்சில் போட்டுச் சூடாக்கிச் சுழற்றினால் உட்புறம் முழுக்க ஒட்டி, இணைப்பே இல்லாத ஒரே கூடாக வரும். அடி தாங்கும், பாறையில் இடித்தாலும் நசுங்கி நிமிரும். எதிரி வெயில். தொட்டி வெளுத்துப் பொடியுதிர்வதைப் பார்த்திருக்கிறீர்கள். கயாக்குக்கும் அதே கதிதான், ஆண்டுகள் ஆகும் என்றாலும். ஆகவே கீற்றுக் கொட்டகையிலோ மரநிழலிலோ கவிழ்த்து வையுங்கள். வெயிலில் இறுக்கிக் கட்டி வைத்தால் சூட்டில் இளகி அடியில் பள்ளம் விழும்.

இந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு விஷயத்தை எந்தக் கடையிலும் எங்களுக்குச் சொல்லவில்லை. வள்ளம் பழுது பார்க்கிற ஃபைபர் பாயும் ரெசினும் இதில் ஒட்டாது. பசையும் ஒட்டாது. கீறல் விட்டால் அதே பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உருக்கித்தான் ஒட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஓட்டை அடைக்கிறவர்களில் சிலருக்கு அந்தக் கை உண்டு. நம் ஊரில் அப்படி யார் இருக்கிறார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

ஃபைபர் கண்ணாடி கயாக்கை நம் கடற்கரையிலேயே பழுது பார்க்கலாம், ஆட்களும் பொருளும் இருக்கின்றன. வள்ளம் கட்டுகிற பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளவும் முடியும். நம் கரை பெரும்பாலும் மணலும் சேறும் என்பதால் இது நல்ல யோசனை என்றே எங்களுக்குப் படுகிறது. பாறைக் கரைக்கு இதைச் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே தெர்மாகோலோ மூடிய நுரையோ வைத்து, தண்ணீர் முழுக்க நிறைந்தாலும் மிதக்கும்படி செய்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் “மிதக்கும் பாய்” என்று சொன்னால் போதாது. அவர் முன்னாலேயே தண்ணீரை நிரப்பிப் பாருங்கள். அப்போதும் உங்களைத் தாங்கினால்தான் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

காற்றடைக்கும் வகையைப் பற்றி மேலே சொன்ன கதையே போதும். அதில் உயர்ந்த ரகங்கள் நன்றாகவே உழைக்கும். ஆனால் நமக்குக் கட்டுபடியாகும் விலையில் கிடைப்பது அவையல்ல. தண்ணீருக்குள் அமிழாமல் மேலேயே மிதப்பதால் காற்று அதைக் காகிதம் மாதிரி தள்ளும். தூண்டில் முள், மீன் முள், கத்தி, மட்டிச் சிப்பி எல்லாம் அதற்கு எதிரி.

காலால் மிதித்து ஓட்டும் கயாக்கும் வந்திருக்கிறது. கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும் என்பது உண்மை. விலையோ துடுப்புக் கயாக்கைப் போல் பல மடங்கு. நம் பாக் விரிகுடாவில் கரையோரம் ஆழம் குறைவு, அடியெல்லாம் கடல்புல். மிதி எந்திரத்தில் புல் சுற்றிக்கொண்டால் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேண்டாம்.

பழைய கயாக் வாங்குகிறவர்களுக்கு

பணம் குறைவானவருக்கு எங்கள் யோசனை, காற்றடைத்த புதியதைவிட நல்ல பிளாஸ்டிக்கில் பழையது. சுற்றுலாக் கரைகளில் வாடகைக்கு ஓட்டிப் பழசானதை விற்கிறார்கள். பார்க்கும்போது இவற்றைப் பாருங்கள். கவிழ்த்துப் போட்டு, அடியில் பின்முனையைத் தடவுங்கள். மணலில் இழுத்து இழுத்து அங்கேதான் தேயும், அழுத்தினால் நெளிந்தால் விட்டுவிடுங்கள். வடிதுளை ஒவ்வொன்றின் வாயிலும் விரல் விட்டுச் சுற்றிப் பாருங்கள், மயிரிழைக் கீறல் அங்கே ஆரம்பிக்கும். துளைக்குள் குச்சி சொருகித் தள்ளுகிற வகைச் சக்கரவண்டியில் ஏற்றிய கயாக்குகளில் இது அதிகம். இருக்கைப் பட்டை திருகிய இடங்களையும் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, அடைப்பானைத் திறந்து உள்ளே நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் பிடித்து முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே எங்கே வருகிறதோ, வெளித் தண்ணீர் உள்ளே அங்கேதான் வரும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

மீதிப் பணம்

கையில் இருப்பதை எல்லாம் கயாக்கிலேயே போட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நம்மவர்களின் வழக்கம். 60,000 ரூபாய் கையில் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் 10,000த்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குத்தான் கயாக் தேட வேண்டும். நுரை வைத்த லைஃப் ஜாக்கெட், உங்கள் எடைக்கு ஏற்றது, காலை எடுத்ததிலிருந்து கரை வைக்கும்வரை உடம்பில் இருக்க வேண்டியது. முன்னால் கட்டி வைத்த ஜாக்கெட் கயாக்குக்குத்தான் பாதுகாப்பு. துடுப்பு 230 முதல் 240 சென்டிமீட்டர், அலுமினியத் தண்டு போதும், ஆனால் அதைக் கயாக்கோடு இணைக்கிற கயிறு கட்டாயம். துடுப்பு கைநழுவிப் போனால் நீங்கள் மிதக்கும் கட்டைதான். கழுத்தில் ஒரு விசில். வலையோ கயிறோ காலில் சுற்றினால் அறுக்க எட்டும் இடத்தில் ஒரு கத்தி. தண்ணீர் புகாத உறையில் செல்போன். அதில் இரண்டு எண்களைப் பதிந்து வையுங்கள்: கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் உதவி எண் 1093.

நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ. நீலமும் பச்சையும் அழகாக இருக்கும், விசைப்படகுக்காரர் கண்ணில் படாது. தண்ணீருக்கு மேல் ஒரு முழம்கூட உயரம் இல்லாத கலம் அது. பின்னால் ஒரு கம்பில் கொடி கட்டுங்கள். இருட்டில் போக வேண்டாம்.

மீன் காட்டும் கருவி, தூண்டில் தாங்கிகள், வண்ணப் பெட்டிகள் இவற்றையெல்லாம் மீன் விற்ற காசில் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

காற்று

கயாக்கைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதும்போது காற்றைப் பற்றி ஏன் என்று கேட்கலாம். எந்தக் கயாக் வாங்கினாலும் அதன் எஞ்சின் உங்கள் தோள்தான். அமைதியான கடலில் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போகலாம். வலுத்த எதிர்காற்றில் பாதிகூடப் போக முடியாது, சில நேரம் நின்ற இடத்திலேயே வலித்துக்கொண்டிருப்பீர்கள்.

கிழக்கே பார்த்த நம் கரையில் வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பது எல்லோருக்கும் தெரியும், அப்போது யாரும் கயாக்கை எடுக்கமாட்டார்கள். அது தன் முகத்தைக் காட்டி மிரட்டுகிற காற்று. கச்சான் அப்படியல்ல. நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலையே எழாது. ‘இன்னிக்குக் கடல் நல்லா இருக்கு’ என்று தோன்றும். போகும்போது முதுகில் தள்ளும், வலிப்பதே தெரியாது. தூரம் போகப் போகத்தான் அலை எழும், அங்கே போன பிறகு திரும்பும் பாதை முழுக்க எதிர்காற்று. மினாரா சின்னதானது அப்படித்தான். கச்சான் மாதங்களில் கயாக்கைக் கரையை ஒட்டி, இடுப்பளவு ஆழத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளிலும் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று உதவட்டும். கிளம்பும்போதே வீட்டில் திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள். வீட்டார் அந்த நேரம் தாண்டி அரைமணிக்கு மேல் பொறுக்க வேண்டாம். தெரிந்த வள்ளக்காரருக்கு உடனே போன் செய்யுங்கள். தொந்தரவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

சட்டமும் கணக்கும்

மீன்பிடிக் கலங்களுக்குப் பதிவும் உரிமமும் பற்றி 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பேசுகிறது. கயாக்குக்கு அதெல்லாம் வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு, மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். விற்கிறவர் கொடுக்கும் உத்தரவாதம் மீன்பிடித் தொழிலுக்கும் பொருந்துமா, பொழுதுபோக்குக்கு மட்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கரையோரக் கடல்புல்லில் மேய வருகிற கடல்பசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அரசு அறிவித்தது. வலையில் அது சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிட வேண்டும்.

இனி வருமானம். கயாக் ஒரு வள்ளத்துக்கு ஈடாகாது. ஓரா, கணவாய், பாறை, நண்டு என்று கரையோர மீனைப் பிடித்து வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சத்தை விற்கலாம். வேறு வேலையும் உள்ளவருக்கு இது நல்ல பக்கத்துணை. இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம். 50,000 ரூபாய்க் கடனைப் பத்து மாதத்தில் அடைக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். மாதம் 5,000. மாதத்தில் 15 நாள்தான் போக முடியும் என்றால், போகிற ஒவ்வொரு நாளும் வீட்டுச் செலவு போக 333 ரூபாய் மிஞ்ச வேண்டும். அந்தப் பத்து மாதத்துக்குள் வாடைக்காலம் வருகிறதே, அந்த மாதங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவரிடம் பதிலில்லை. தவணையைப் பதினெட்டு மாதமாக்கி, வாடை மாதங்களில் தவணை இல்லாமல் எழுதிக்கொண்டோம். வட்டியில்லாக் கடனில் இந்த வசதி உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். மாதக் கணக்கைக் குறைத்துச் சொல்வது கொடுப்பவரை மகிழ்விக்கும் என்று நினைத்து நம் சகோதரர்கள் தங்களையே இறுக்கிக்கொள்கிறார்கள்.

மூன்று விண்ணப்பங்களின் நிலை இது. ஒருவர் பட்டறையில் ஃபைபரில் 12 அடிக் கயாக் செய்யக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் அன்று குழுவிலிருந்து இருவர் போகிறோம். இரண்டாமவர் கணக்கைப் பார்த்த பிறகு, கயாக் வேண்டாம், மைத்துனரின் வள்ளத்தில் பங்குக்கு நண்டு வலை வாங்கிக்கொள்கிறேன் என்று விண்ணப்பத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர்தான் அன்று கண்மாயில் குறுகிய கயாக்கில் ஏற முடியாமல் போனவர். அவர் அளவுக்கு அகலமான பழையது ஒன்று கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். அதுவரை, கண்மாயில் தண்ணீர் இருக்கும் வரைக்கும், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இரவல் கயாக் அங்கே இருக்கும். ஏறிப் பழக விரும்புகிறவர்கள் மாற்றுத் துணி கொண்டுவரவும்.